செய்முறை நோட்டுக்கு வீட்டிலேயே எழுதும் நிரல்

வைகைக்கரையான்:

வணக்கம். பகலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுபவன் நான். நிரல் எழுதுவது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசைக்காக. சம்பளத்துக்கு எழுதும் நண்பர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். வீட்டுக்காக எழுதுபவர்களும் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இப்போது கையில் இருப்பது எங்கள் வீட்டுச் செய்முறை நோட்டுகள். மதுரை, தேனிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று எந்த விசேஷமானாலும் வந்தவர்கள் எழுதிய மொய்யைப் பதிந்து வைக்கும் நோட்டு. நாளைக்கு அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் இதைப் பிரித்துப் பார்த்து, நமக்கு எழுதியதற்குக் குறையாமல், முடிந்தால் கூட்டி எழுத வேண்டும். வீட்டுக்குப் பத்திரிகை வந்ததும் முதலில் நடக்கிற வேலை நோட்டைத் தேடுவதுதான்.

இப்போது மண்டபத்திலேயே மடிக்கணினியும் சின்ன பிரிண்டரும் வைத்து மொய் எழுதித் தருபவர்கள் வந்துவிட்டார்கள். எழுதியவர் கையில் உடனே ரசீது, விசேஷ வீட்டுக்கு அன்றைக்கே அச்சிட்ட பட்டியல். நல்ல வேலைதான். ஆனால் அது அந்த ஒரு விசேஷத்தோடு முடிந்துபோகிறது. அக்கா கல்யாண நோட்டு, தங்கச்சி சடங்கு நோட்டு, தாத்தா காலத்து நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தேடினால்தான் ஒரு குடும்பத்துக்கும் நமக்கும் இதுவரை நடந்தது முழுதாகத் தெரியும். அதற்குத்தான் பைதான் என்ற நிரல் மொழியிலும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்திலும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். மேலே பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய மூலை. "பிரபவ வருசம் வைகாசி" என்று தேதி. அதற்குக் கீழே வரிசையாக: ஊர், தலைப்பெழுத்தோடு பெயர், தொகை. 11, 21, 51. நடுநடுவே "எவர்சில்வர் அண்டா 1", "குத்துவிளக்கு 1 சோடி", "அரிசி 1 மூட்டை". சில பெயருக்குப் பக்கத்தில் "மில்" என்றும் "கண்டக்டர்" என்றும் "சின்னவர்" என்றும் ஒரு சொல். ஒரே பெயரில் ரெண்டு மூன்று பேர் இருக்கும் ஊரில் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொல்தான். திருப்பிச் செய்தாயிற்று என்றால் வரிக்கு எதிரே ஒரு டிக்.

படம் எடுத்து டெசராக்ட் மாதிரியான எழுத்துணரியில் கொடுத்தால் அச்செழுத்துப் பத்திரிகையை நன்றாகவே படிக்கிறது. எழுதியவர் கையெழுத்து அவசரக் கையெழுத்து, பேனா மை ஊறிப்போன தாள், அதில் அது நிற்கவில்லை. அதனால் அம்மா வாசிக்க நான் தட்டச்சு செய்கிறேன். தமிழ்99 விசைப்பலகை. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடுவதால் கருப்பையாவும் முத்தையாவும் வேகமாக ஓடுகிறார்கள்.

இதில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று. அம்மா பெயரை மட்டும் வாசிப்பதில்லை. "இது பேரையூர்ச் சின்னம்மா வீட்டு வகையில வர்றவருப்பா. ஒங்க தாத்தா இறந்தப்ப ராத்திரி பூரா கூட இருந்தாரு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். தொகைக்கு ஒரு பத்தி, ஊருக்கு ஒரு பத்தி என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். இப்போது "அம்மா சொன்னது" என்று இன்னொரு பத்தி சேர்த்தாயிற்று. அதுதான் வேகமாக நிரம்புகிறது.

உங்கள் வீட்டுக்கு நீங்கள் எழுதியது என்ன? இதை எப்படிச் செய்திருப்பீர்கள்? எல்லாவற்றையும் கேட்க ஆசை.

கரிசல்காடு:

நல்ல முயற்சி அண்ணே. ஆனால் இதற்கு நிரல் தேவையா? எக்செல்லில் ஊர், பெயர், தொகை என்று அடித்து வடிகட்டிப் பார்த்தால் ஒரே ராத்திரியில் வேலை முடிந்துவிடுமே. நாளைக்கு உங்களுக்கு நேரம் இல்லை என்றாலும் வீட்டில் வேறு யாரும் திறந்து பார்க்கலாம். பொழுதுபோக்கு வேறு, வீட்டுக்கு வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்.

வைகைக்கரையான்:

நியாயமான கேள்வி. முதலில் எக்செல் தாளில்தான் அடிக்க ஆரம்பித்தேன், இன்னமும் வெளியே எடுக்கும்போது அட்டவணையாகவே எடுக்கிறேன். நிரலுக்குப் போனதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, தேடல். அம்மா "கருப்பையா" என்பார். நோட்டில் ஒரு இடத்தில் "கறுப்பையா". "லட்சுமி" ஒரு நோட்டில் "லெட்சுமி", இன்னொன்றில் "இலட்சுமி". ராமர், இராமர். சுப்ரமணி, சுப்பிரமணி, சுப்பிரமணியன். மொய் எழுத உட்கார்ந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறார். வடிகட்டியில் போட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது விட்டுப்போகும். மொய்யில் விட்டுப்போனால் அது எவ்வளவு பெரிய மனத்தாங்கல் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, வரிசை. அம்மாவுக்கு அகரவரிசையில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பைதானில் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் மணி, மன்னன், மருது, மறவன், மலர் என்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைப்படி மணி, மருது, மலர், மறவன், மன்னன் என்றல்லவா வர வேண்டும்? அம்மா விரல் வைத்துத் தேடுவது அந்த வரிசையில்தான். அது சரியாக இல்லாவிட்டால் அச்சிட்ட தாளால் அவருக்கு உபயோகம் இல்லை.

நூல்கண்டு:

கோவையிலிருந்து எழுதறேனுங்க. வேலையே நிரல் எழுதுவதுதான். ஆனாலும் இந்த இழையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இதே சிக்கலோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வரிசை ஏன் அப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒவ்வோர் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கான இடங்கள் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இஸ்கி அமைப்பை ஒட்டி ஒதுக்கப்பட்டவை. தேவநாகரியில் எந்த எழுத்து எங்கே இருக்கிறதோ, அதற்கு இணையான தமிழ் எழுத்து அதே இடத்தில். அதனால் ன என்பது ந-வுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ர-வுக்கு அடுத்தது ற. ல, ள, ழ மூன்றும் சேர்ந்து, அப்புறம்தான் வ. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். கணினி அந்த எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது, அதற்கு நம் அகரவரிசை தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் புள்ளி. நமக்குக் க் முன்னால், க பின்னால். யூனிகோடில் க-தான் எழுத்து, புள்ளி அதன் மேல் வைக்கும் குறி. அந்தக் குறியின் எண் மற்ற எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. அதனால் கணபதி, கணேசன், கண்ணன் என்று வரும். அகராதிப்படி கண்ணன், கணபதி, கணேசன். ன, ற இடத்தை மாற்றி வைத்தால் மட்டும் போதாது, எழுத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வழி இருக்கிறது. யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் தமிழுக்கான அகரவரிசை விதி உண்டு, பைதானிலிருந்து கூப்பிடலாம். இல்லையென்றால் நீங்களே எழுதலாம், அதுதான் எனக்குப் பிடித்தது. சொல்லை முதலில் எழுத்து எழுத்தாக வெட்ட வேண்டும்: மெய்யைப் பார்த்தால் அதற்கு அடுத்தது குறியா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்வது. "தமிழ்" என்பதன் நீளம் கேட்டால் பைதான் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வெட்டியபின் த, மி, ழ் என்று 3. அப்புறம் உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்மெய் 216 என்று 247 எழுத்துக்கும் கிரந்தத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்களின் பட்டியலைச் சாவியாக வைத்து வரிசைப்படுத்தினால் முடிந்தது. முப்பது நாற்பது வரிகூட வராது. அலுவலகத்தில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் அம்மா கேட்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தேடலுக்கு முன்னால் செய்ய வேண்டிய துப்புரவு ஒன்று உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கலாம்:

"கொ" என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். பைதானிலேயே இருக்கும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும்.

"கௌசல்யா"வை நிறையப் பேர் கொம்பும் ள-வுமாக அடிக்கிறார்கள். பார்க்க ஒன்றுதான். இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் ள என்பது உண்மையான எழுத்து. ஒளவை, ஔவை கதையும் இதுவே. கையால்தான் விதி எழுத வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் உங்கள் பக்கத்து ஊர்தானே? அந்த முதல் எழுத்து இரண்டு விதமாக இருக்கும். 2005இல் யூனிகோடு 4.1இல் ஶ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு அதை வைத்து எழுதுவது முறையானது. அதற்கு முன்பு ஸ வைத்துத்தான் எழுதினார்கள், இப்போதும் பல விசைப்பலகைகள் அப்படியே தருகின்றன. திரையில் இரண்டும் ஒரே உருவம்.

அப்புறம், கைப்பேசியிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் அவற்றைத் துடைத்துவிடுங்கள்.

வைகைக்கரையான்:

அக்கா, இதற்கு எப்படி நன்றி சொல்வது! ஸ்ரீவில்லிபுத்தூர் சிக்கலை நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கிற உறவினர்கள் ஒரு தேடலில் பாதிப் பேர்தான் வந்தார்கள், காரணம் புரியாமல் இருந்தது.

பெயர் ஒற்றுமைக்கு நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஆங்கிலப் பெயர்களுக்கு சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு, அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை வாங்கியது. ஒலியால் நெருங்கிய எழுத்துகளை ஒரே எண்ணாக மாற்றி ஒப்பிடுவது. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு நம் பெயர்களுக்குத் தகுந்த மாதிரி எழுதினேன். ர, ற ஒன்று. ல, ள, ழ ஒன்று. ந, ன, ண ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் ர, ல-வுக்கு முன்னால் இ வந்தால் விட்டுவிடு. லெ வந்தால் ல. இரட்டித்த மெய்யை ஒன்றாக்கு. கடைசியில் வரும் யன், ன், ர் மூன்றையும் பொருட்படுத்தாதே, "பாண்டி"யும் "பாண்டியன்"னும் பல நேரம் ஒரே ஆள்.

இது தாராளமாக அள்ளிக்கொண்டு வரும், சம்பந்தமில்லாத பெயர்களும் வரும். அது பரவாயில்லை. நிரல் பத்துப் பெயரைக் காட்டட்டும், ஊரையும் "மில்", "கண்டக்டர்" என்ற அடையாளத்தையும் பார்த்து அம்மா ஒரு நொடியில் ஆளைச் சொல்லிவிடுவார். விட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

வடகாட்டுப் பங்காளி:

புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும், கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். ஆடி, ஆவணி வந்தால் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி எங்கும் பந்தல்தான், கறி விருந்து. எங்கள் வீட்டிலும் நோட்டு இருக்கிறது. "பழைய மொய்", "புது மொய்" என்று இரண்டு பத்தி வையுங்கள் அண்ணே. நமக்கு அவர் எழுதியதைத் திருப்பிச் செய்வது பழையது, அதற்கு மேல் நாம் எழுதுவது புதியது. அவர் அடுத்து நமக்குச் செய்யும்போது கணக்கு அந்தப் புதியதிலிருந்து தொடங்கும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உதவாது.

கரிசல்காடு:

சரி, நிரல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து வரிசை விஷயம் எனக்குப் புதுச் செய்தி.

இன்னொரு யோசனை. 1987இல் எழுதிய 51 ரூபாயும் இன்றைய 51 ரூபாயும் ஒன்றா? அந்த வருடத் தங்கம் விலையையோ நுகர்வோர் விலைக் குறியீட்டையோ ஒரு அட்டவணையாக வைத்து, "இன்றைய மதிப்பு இவ்வளவு" என்று பக்கத்தில் காட்டலாமே? நிரல் என்று வந்தபின் இது சின்ன வேலை. எவ்வளவு எழுதுவது என்று வீட்டில் நடக்கும் பேச்சும் குறையும்.

வடகாட்டுப் பங்காளி:

வேண்டாம் அண்ணே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் பார்த்து வளர்ந்ததால் சொல்கிறேன். மொய் என்பது கைதூக்கிவிடுவதற்காக வந்தது. ஒருத்தர் கடை வைக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்றால் ஊரே கூடி வட்டியில்லாமல் கொடுக்கும், அவர் சௌகரியம் வந்தபிறகு ஒவ்வொருவருக்காகத் திருப்பிச் செய்வார். வட்டி இல்லை என்பதுதான் அதன் அழகு. தொகைகள் பெரிதான பிறகு அதே மொய், சில வீடுகளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற கடனாகிவிட்டது. திருப்பிச் செய்ய வெளியில் வட்டிக்கு வாங்கி எழுதுபவர்களை எனக்குத் தெரியும். இதில் கணினி வேறு "இன்றைய மதிப்பு" என்று ஒரு எண்ணைக் காட்டினால், அந்த எண்தான் நாளைக்குக் கணக்கு. ஒருத்தர் மனமுவந்து எழுதிய 51 ரூபாய்க்கு நாம் வட்டி போட்ட மாதிரி ஆகும்.

கரிசல்காடு:

வட்டி போடச் சொல்லவில்லை பங்காளி. அன்றைக்கு 51 ரூபாய் எழுதியவர் தன் கூலியில் எவ்வளவு பெரிய பங்கைக் கொடுத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். அந்த மனிதருக்கு இன்று 101 ரூபாய் எழுதிவிட்டு இரட்டிப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். எண் தெரிந்தால்தான் நன்றியும் சரியாக இருக்கும்.

வைகைக்கரையான்:

இருவர் சொல்வதிலும் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. சங்கத்தில் நாள் பூராவும் அசல், வட்டி, தவணை என்றே எழுதுகிறவன் என்பதால் பங்காளி சொல்வது எனக்கு உறைக்கிறது. எண்ணுக்கு ஒரு பலம் உண்டு. தாளில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் மனிதரைப் பார்ப்பதில்லை.

அதனால் நான் எடுத்த முடிவு: தொகை நோட்டில் உள்ளபடி, தேதி நோட்டில் உள்ளபடி. அண்டா என்றால் அண்டா, அதற்கு விலை போடமாட்டேன். கரிசல்காடு கேட்கும் நியாயத்துக்கு வேறு வழி இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், "அப்ப ஒரு நாள் களையெடுப்புக்கு அஞ்சு ரூவா கூலிப்பா. அம்பத்தொன்னு எழுதுனாருன்னா அவரு எவ்வளவு பாசமா எழுதிருக்காருன்னு பாத்துக்க" என்கிறார். அது "அம்மா சொன்னது" பத்தியில் அப்படியே ஏறுகிறது. விலைக் குறியீட்டில் வரும் எண்ணைவிட இது எங்கள் வீட்டில் நல்ல முடிவு எடுக்க வைக்கும் என்று நம்புகிறேன். எவ்வளவு எழுதுவது என்று வீட்டில் பேசட்டுமே. அம்மாவும் என் மனைவியும் அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற சில விஷயங்களில் அது ஒன்று. அதைக் குறைப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

தேதி பற்றி ஒரு குறிப்பு. தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரபவ என்றால் 1987 ஏப்ரல் முதல் 1988 ஏப்ரல் வரை, அதற்கு முந்தைய பிரபவ 1927இல். எங்கள் நோட்டுகளில் குழப்பம் வராது. கொள்ளுத்தாத்தா காலத்து ஏடு, சாசனம் எதையாவது பதிபவர்கள் பெயரோடு ஆங்கில வருடத்தையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீவகம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட வீட்டில் மொய் நோட்டு இல்லை, ஆனால் அப்பா பல வருசமாக எழுதிய கோயில் கணக்கும் திருவிழா உபயகாரர் பட்டியலும் இருக்கு. எல்லாம் கணினியில்தான், வேர்ட் கோப்புகள். பாமினி எழுத்துருவில் அடித்தது. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை மாதிரித் தெரியுது. அப்பா இப்ப இல்லை. இதை யூனிகோடுக்கு மாற்றப் பார்க்கிறேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு எல்லாம் இடம் மாறி வருகுது. என்ன செய்யலாம்?

நூல்கண்டு:

உங்கள் அப்பாவின் எழுத்து பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீங்க. கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் எண்கள். பாமினி எழுத்துரு அந்த எண்களுக்குத் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது, அவ்வளவுதான். முதல் வேலையாக மூலக் கோப்புகளைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம்: பாமினியில் தட்டச்சுப் பொறி மாதிரி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், மெய் அப்புறம். யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. அதனால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் பார்த்தால் அடுத்த எழுத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். அதற்கு அடுத்து கால் இருந்தால் சேர்த்து ஒகரம் அல்லது ஓகாரம் ஆக்க வேண்டும். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, ஒற்றை எழுத்துகளைக் கடைசியில் மாற்றுங்கள். வரிசை மாறினால் எல்லாம் கலைந்துவிடும். சிரமப்பட வேண்டாம் என்றால் இதற்கென்று இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு.

ஒன்றைக் கவனியுங்க. கணக்குக் கோப்பில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் மாற்றி தமிழ்க் குப்பையாக்கிவிடும். வேர்டில் எந்த எழுத்துக்கு எந்த எழுத்துரு என்பது கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றுகிற மாதிரி எழுதினால் பிழைத்தீர்கள்.

தீவகம்:

நன்றி அக்கா. எழுத்துருவின் பெயரைப் பார்த்து மாற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. உபயகாரர் பட்டியலில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் கனக்க இருக்கு, இடம்பெயர்ந்து போன ஆக்கள், லண்டன், டொரன்டோ என்று. இந்தக் கிழமையே தொடங்குகிறேன்.

தேனிக்காரி:

இழை முழுவதும் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். உங்கள் நோட்டில் பெண்கள் பெயர் எத்தனை இருக்கிறது?

எங்கள் வீட்டு நோட்டில் தேடிப் பார்த்தால் அநேகமாக எல்லாம் ஆண் பெயர். விசேஷத்துக்கு வந்தது சித்தி, சேலை கட்டி, பஸ் ஏறி, முடிச்சிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தது சித்தி. எழுதியது சித்தப்பா பெயர். அவர் அன்றைக்கு வந்திருக்கவே மாட்டார். சித்தப்பா இறந்தபிறகு மகன் பெயரில் எழுதுகிறார்கள். நோட்டை வைத்துக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளும் ஒரு பிள்ளைக்கு அந்தச் சித்தி இருந்ததே தெரியாது. நோட்டில் உள்ளபடியே பதிவேன் என்று சொல்கிறீர்கள். தொகைக்கு அது சரி. ஆளுக்கு?

வைகைக்கரையான்:

இது நெஞ்சில் தைக்கிற கேள்வி. எங்கள் நோட்டிலும் அப்படித்தான். பெண் பெயர் வருவது தனியாக வாழ்ந்த ஒரு சில அம்மாக்களுக்கும் டீச்சர் வேலை பார்த்தவர்களுக்கும்தான். ஆனால் வாசிக்கும்போது அம்மா ஆண் பெயரைச் சொல்லிவிட்டு உடனே அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பேசுகிறார். மேலே சொன்ன பேரையூர்ச் சின்னம்மாவின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

அமைப்பை மாற்றுகிறேன். இதுவரை ஒரு வரி என்றால் ஒரு ஆள். இனி "வீடு" என்று ஓர் அட்டவணை, அதில் எத்தனை ஆட்கள் வேண்டுமானாலும். மொய் வரி அந்த வீட்டோடு சேரும். நோட்டில் எழுதிய பெயர் ஒரு பத்தியில் அப்படியே, கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்பது இன்னொரு பத்தியில், அம்மாவுக்குத் தெரிந்தவரை. அச்சிடும்போது இரண்டும் வரும். இப்படி வைத்தால் மகன் பெயருக்கு மாறியபிறகும் அது அதே வீடு என்று நிரலுக்குத் தெரியும், தேடலுக்கும் இது நல்லது. தரவுத்தளப் பாடத்தில் படித்த உறவு அட்டவணை எல்லாம் இப்போதுதான் எனக்கு உண்மையாகப் புரிகிறது.

தேனிக்காரி:

ரொம்ப சந்தோசம் அண்ணே. இன்னொன்றும் செய்யுங்கள், கல்யாணமாகி வெளியூர் போன பெண்ணை அப்பா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் இரண்டு இடத்திலும் காட்டுகிற மாதிரி வையுங்கள். எங்கள் பக்கம் பிறந்த வீட்டுச் செய்முறை வேறு, புகுந்த வீட்டுச் செய்முறை வேறு. இரண்டையும் அவள்தான் நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். தாய்மாமன் சீர் மொய்க் கணக்கில் சேராது, அதைத் தொகைப் பத்தியில் போட்டுவிடாதீர்கள்.

கரிசல்காடு:

இதையெல்லாம் எங்கே வைக்கப் போகிறீர்கள்? மேகக் கணினியில் ஏற்றினால் எல்லோரும் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் ஒரு ஊரே இதில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு எழுதினார் என்பது வெளியே போனால் வம்பு.

நூல்கண்டு:

சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தனிமனிதர் வைத்துக்கொள்ளும் விவரங்களுக்கு 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லைங்க. நிரல் வேறு, தரவு வேறு என்று முதல் நாளிலிருந்தே இரண்டு அடைவாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டில், அதாவது நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கருவியில், ஏற்றுவது நிரலை மட்டும். தரவுக் கோப்பைத் தவிர்ப்புப் பட்டியலில் எழுதிவிடுங்கள். சோதனை செய்யக் கற்பனைப் பெயர்கள் போதும்.

எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. எல்லாம் ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டு அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். 2050 வரை பராமரிப்போம் என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நீண்டகாலச் சேமிப்புக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. கூடவே சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதி, தாளில் ஒரு பிரதி. தீவகம் இன்றைக்குப் படும் பாடு உங்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. மூல நோட்டைக் கண்டிப்பாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வடகாட்டுப் பங்காளி:

நிரலை வெளியில் வைத்தால் எங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொள்வேன். பழைய மொய், புது மொய்ப் பத்தியை நானே எழுதிச் சேர்க்கிறேன். கல்லூரியில் பைதான் படித்தது இதற்காவது உதவட்டும்.

வைகைக்கரையான்:

கண்டிப்பாக. நூல்கண்டு அக்கா சொன்னபடி அகரவரிசை, எழுத்துத் துப்புரவு, பெயர் ஒற்றுமை மூன்றையும் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டேன். மொய்யோடு சம்பந்தமில்லாதவர்களும் அதை எடுத்துக்கொள்ளலாம், நூலகப் பட்டியல், வாக்காளர் பட்டியல், உபயகாரர் பட்டியல் எதற்கும் ஆகும். வீடு, ஆள் அட்டவணைகள் முடிந்ததும் மீதியை ஏற்றுகிறேன். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் முடித்துவிடப் பார்க்கிறேன். பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன.

பெயர் விதிகள் எங்கள் பக்கத்துப் பெயர்களை வைத்து எழுதியவை. கொங்குப் பக்கம், தஞ்சைப் பக்கம், நாகர்கோவில், யாழ்ப்பாணம் என்று ஒவ்வொரு ஊரிலும் எழுதும் வழக்கம் மாறும். முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்களுக்கு இன்னும் நிறைய வேண்டும். அப்துல் காதர், அப்துல்காதர், அப்துல் காதிர் மூன்றும் எங்கள் நோட்டிலேயே இருக்கிறது, சூசை, சூசையப்பன் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதியிருந்தால் அந்த இரண்டு வடிவத்தையும் இங்கே போடுங்கள். தலைப்பெழுத்து, ஊர், தொகை எதுவும் வேண்டாம், பெயர் வடிவம் மட்டும் போதும்.

தேனிக்காரி:

முதல் தவணை: பேச்சியம்மாள், பேச்சியம்மா. ஒச்சம்மாள், ஒச்சாயி. வீரலட்சுமி, வீரலெட்சுமி. ராக்கம்மாள், ராக்காயி, ராக்கு. மாமியாரிடம் கேட்டுவிட்டு ராத்திரி இன்னும் போடுகிறேன்.